இன்ஸ்பெக்டர்மேல் விழுந்த சந்தேகம்

பல்செட்டைக் களவுகொடுத்த பணக்காரர் ஒருவர், அவர் வீட்டு விருந்தில் மாட்டிக்கொண்ட மருமகன், சமையற்காரர் உட்பட நான்கு பேர், துப்புத் துலக்க வரும் இன்ஸ்பெக்டர்: அந்த நாடகத்தின் கதை இவ்வளவுதான். ஆனால் திருடன் யார் என்பதை எழுதியவர் தீர்மானிப்பதில்லை. பார்க்க வந்தவர்கள் தீர்மானிப்பார்கள். இன்ஸ்பெக்டர் மேடையை விட்டிறங்கி, இருக்கை இருக்கையாகச் சந்தேகம் கேட்பார். கடைசியில் கை தூக்கச் சொல்வார். யாருக்கு எதிராக அதிகக் கைகள் எழுகின்றனவோ அவரே அன்றைய திருடர். நால்வரில் யார் அகப்பட்டாலும் அதற்கேற்ற முடிவை நடிகர்கள் ஒத்திகை பார்த்து வைத்திருப்பார்கள்.

அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாளும், லிப்ட் பழுதுபார்க்கும் அவர் கணவரும், அந்தக் குழு ஊருக்கு வரும் போதெல்லாம் தவறாமல் போவார்கள். நடைபாதையை ஒட்டிய இரண்டு இருக்கைகள் அவர்களுக்கென்றே பிறந்தவை. அம்மாள் மருமகனின் பொய் நொண்டலையும் சமையற்காரரின் கைக்குட்டையையும் கவனித்து, அச்சுப்பிழையைப் பிடிப்பதுபோல் ஆளைப் பிடிப்பார். அரங்கமோ வேறு யாருக்காவது கை தூக்கி அவருடைய உழைப்பைப் பாழாக்கும். கணவருக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. “ஐயா யாரைச் சந்தேகப்படறீங்க?” என்று இன்ஸ்பெக்டர் வந்து நின்றால், “உங்களைத்தான்” என்பார். அரங்கம் குலுங்கும். கடைசியிலும் இன்ஸ்பெக்டருக்கு எதிராக அந்த ஒற்றைக் கை மட்டும் எழும்.

கணவர் போன ஆண்டு காலமானார். இந்த ஆண்டு குழு மறுபடி வந்தது. நாத்தனார்தான் டிக்கெட் வாங்கி, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தார்.

“அண்ணி, நீங்க உள்ள தள்ளி உக்காருங்க. அந்தாளு வந்து கேட்டா நான் பேசிக்கறேன்.”

“நீ பேச ஆரம்பிச்சா நாடகம் நாளைக்குத்தான் முடியும்.”

“என் வாய்மேல உங்களுக்கு எப்பவும் ஒரு கண்ணு.”

கேலி பேசினாலும் அம்மாளின் கவலை வேறு. இன்ஸ்பெக்டர் கட்டாயம் வருவார், கட்டாயம் கேட்பார். சிரிக்க வந்த கூட்டத்தின் நடுவில் செத்துப்போனார் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் நாற்காலி, செருப்பு, கண்ணாடி எல்லாமே துக்கம் கேட்க வந்தவர்கள்போல் உட்கார்ந்திருந்தன. அவர் சிரித்த இடமாகவே எஞ்சியிருந்தது இந்த அரங்கம் ஒன்றுதான். அதுவும் இன்றோடு துக்கவீடாகிவிடக் கூடாது.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். கதைகளில் வரும் கிழச்சிங்கம்போல் நடை தளர்ந்திருந்தது; மீசை ஒரு பக்கம் பசை விட்டிருந்தது. அம்மாளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“எங்கம்மா நம்ம எதிரி? என்னைப் பார்த்துப் பயந்துட்டாரா?”

நாத்தனார் வாயெடுத்தார். அம்மாள் அவர் முழங்காலை அழுத்தினார்.

“ஆதாரம் தேடப் போயிருக்கார். இனிமே வர மாட்டார். கேஸை என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டார்” என்றார். “எனக்கும் உங்கமேலதான் சந்தேகம்.”

அரங்கம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த பென்சில் எழுதாமல் நின்றது. பிறகு ஒரு சல்யூட் அடித்துவிட்டு மேடையேறினார்.

கை தூக்கும் நேரம் வந்தது. இன்ஸ்பெக்டர் வழக்கம்போல் கடைசியாகத் தம் பெயரையும் சொன்னதும் அம்மாள் கை தூக்கினார். “எங்க அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு நாத்தனாரும் தூக்கினார். வேடிக்கைக்காகப் பின்வரிசை தூக்கியது. அதைப் பார்த்துப் பக்கவரிசை தூக்கியது. கொஞ்ச நேரத்தில் அரங்கமே கையாக நின்றது.

இந்த முடிவை யாரும் ஒத்திகை பார்த்ததில்லை. மேடையில் நடிகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் தாமே விலங்கை எடுத்துச் சமையற்காரரிடம் கொடுத்து, கைகளை நீட்டினார்.

“எதுக்கு சார் திருடினீங்க?” என்றார் சமையற்காரர், வேறொன்றும் தோன்றாமல்.

“அதை அந்த அம்மாதான் சொல்லணும். கேஸ் அவங்களோடது.”

எல்லாத் தலைகளும் திரும்பின. நாடகம் முடிந்து வீடுவரை நடந்த அத்தனை மாலைகளிலும் அம்மாள் கணவரைக் கேலி செய்திருக்கிறார். ஏன் இன்ஸ்பெக்டர்மேல் சந்தேகம் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. விளையாட்டு என்றே இருந்துவிட்டார். கணவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்குமோ? இனி யாரைக் கேட்பது?

“தெரியலை” என்றார். “அவரைக் கேக்காமலே விட்டுட்டேன்.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

“அப்ப நானே சொல்லிடறேன். திருடன் கிடைச்சுட்டா நீங்க எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுவீங்க. இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கட்டுமேன்னு பல்செட்டை எடுத்து ஒளிச்சு வெச்சேன்.”

சிரிப்பும் கைதட்டலும் ஒன்றாக எழுந்தன. எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின் அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“போலாமா அண்ணி?” என்று எழுந்தார் நாத்தனார்.

“இரு. கூட்டம் போகட்டும்.”

நாத்தனார் திரும்பிப் பார்த்தார். கூட்டம் எப்போதோ போய்விட்டிருந்தது. மறுபடி உட்கார்ந்தார்.