துடைத்துக் கொடுத்த பெட்டி

மிட்சுயோ செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். திருப்பித் தரவேண்டிய கேபிள் பெட்டியைப் பளபளவென்று துடைத்து, துணியில் சுற்றி, மேலே ஒரு பயறு இனிப்புப் பொட்டலமும் வைத்து, கெடுவுக்கு நான்கு நாள் முன்பே கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்தவர் பொருளை அழுக்கோடு திருப்பினால் ஜப்பானின் தொயாமா ஊரில் மானம் போய்விடும்.

அவள் குடியிருக்கும் அடுக்குமாடியே கேபிள் கம்பெனியை மாற்றியது. கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள், அவளும் தூக்கினாள். அத்தனை பேர் நடுவில் ‘வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கப் பெட்டியோடு இணைத்திருந்த ஹார்டு டிஸ்க் அவளே வாங்கியது. அதை வைத்துக்கொண்டாள். அதற்குள் அவள் கணவர் தெய்ஜி இருந்தார். போன வசந்தத்தில் செத்துப்போன மனிதர், ஒருமுறை குப்பைக் குழுத் தலைவராக உள்ளூர் கேபிள் சேனலில் வந்து, பாட்டிலையும் மூடியையும் ஏன் பிரித்துப் போடவேண்டும் என்று நான்கு நிமிடம் பேசியிருந்தார். கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிகிறவர். அவர் குரல் என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்தக் குப்பைப் பேச்சு மட்டும்தான்.

புதுக் கம்பெனியிலிருந்து வந்த ஹிராசாவா டிஸ்க்கைச் செருகிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“இது நம்ம பெட்டியில ஓடாதும்மா. பழைய பெட்டி பூட்டினதை அதே பெட்டிதான் திறக்கும்.”

“என்ன அநியாயம்! ஆன்டெனாவுல வர்ற சேனல் எந்த டிவியிலயும் தெரியுதே!”

“அது எல்லாருக்கும் பொது. கேபிள்ல அவங்கவங்களுக்கு அவங்கவங்க பூட்டு.”

அவள் அப்போதே பழைய கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் ஏழெட்டுத் தடவை மன்னிப்புக் கேட்டாள். “இவ்வளவு சுத்தமா யாருமே தர்றதில்லைங்க. அதனால அன்னைக்கே பெட்டிக்குள்ளே இருந்த பூட்டுச் சாவியையெல்லாம் அழிச்சிட்டு வேற வீட்டுக்கு அனுப்பிட்டோம்.” அந்த நிகழ்ச்சியையும் சேனலில் எடுத்து வைக்கவில்லையாம்.

மிட்சுயோ போனை வைத்துவிட்டு டிஸ்க்கைத் தொட்டாள். “இப்பவும் உள்ளேதான் இருக்காரா?”

“இருக்கார்மா. ஒண்ணும் ஆகல. திறக்கத்தான் வழியில்ல,” என்றார் ஹிராசாவா. அந்த ஆள் பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து டிவியைப் போட்டாலே ஒரு கேள்வி வந்து நிற்கும்: ‘புதிய டிஸ்க். உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் பயன்படுத்தலாமா?’ டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கினால் கேள்வி வராது. அவளுக்கு மனம் வரவில்லை. தினமும் ‘இல்லை’யை அழுத்திவிட்டுத்தான் வானிலை பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் சுமோ பார்க்க தெய்ஜியின் தங்கை ஷிகெனோ வந்தாள். மிட்சுயோ தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தபோது மல்லர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு டிஸ்க்கைப் பார்த்தாள்.

“எப்படிப் போட்டே?”

“என்னமோ கேட்டுச்சு அண்ணி. ஆமான்னு அமுக்கிட்டேன். நம்ம டிவிதானே, கேட்கிறதையெல்லாம் படிச்சுக்கிட்டு உட்கார முடியுமா?”

மிட்சுயோவுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. எதற்கென்று கத்துவாள்? எப்படியும் திறக்காததுதானே போயிற்று?

“படம் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க அண்ணி!”

“ஆமா,” என்றாள் மிட்சுயோ. “நல்லாத் தெரியுது.”