நான்கு வரித் தையல்

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது பஸ் டிரைவர் பாதி ஆளாகியிருந்தார். மூன்று மாதம் கழித்து டிப்போ டாக்டர் சோதிப்பார். தேறினால் ஸ்டியரிங், தேறாவிட்டால் டிக்கெட் கவுண்டர். கவுண்டர் என்றாலே அவருக்கு மூச்சு முட்டும். ஆனாலும் வீட்டுக்கு வந்த அன்றே, யூனிபார்ம் பேன்ட்டை வெட்டிச் சின்னதாக்கிவிடச் சொன்னார். இனி இந்த உடம்பு ஏறாதாம்.

மனைவி தையல்காரி, வெட்டுவாளா? இடுப்பில் அடுத்தடுத்து நான்கு வரி தைத்து, மிச்சத் துணியை உள்ளே மடித்து விட்டாள். உடம்பு ஏற ஏற ஒவ்வொரு வரியாகப் பிரிக்கலாம். உறுத்துகிறது என்று அவர் முனகினார். உறுத்தட்டும், அப்போதுதான் நினைப்பிருக்கும் என்றாள். வாயாடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

சனிக்கிழமைதோறும் இடுப்பை அளப்பாள். அளந்த நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே ஜெபிப்பாள். அவர் ஆமென் சொல்லமாட்டார். சூப் ஆறுகிறது என்பார். ஐந்தாம் வாரம் முதல் வரி பிரிந்தது, ஏழாம் வாரம் இரண்டாவது.

அதன்பின் நாடா அசைந்து கொடுக்கவில்லை. பத்தாம் வாரம் அரை அங்குலம் குறைந்தே போயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவளுக்கு அன்று ஜெபிக்க ஒரு வார்த்தை வரவில்லை. அவருக்கு உறுத்தலாவது தீரட்டும் என்று உள்மடிப்பை வெட்டியெறியக் கத்தரியை எடுத்தாள்.

அவர் கை பேன்ட்டின்மேல் விழுந்தது. "வெட்டாத."

"நீங்கதானே வெட்டச் சொன்னீங்க?"

"அப்ப சொன்னேன். இப்ப தினமும் போடும்போது அந்த மடிப்பைத் தொட்டுப் பாத்துக்கறேன். இன்னும் ரெண்டு வரி இருக்கு."

அவள் கழுத்திலிருந்த நாடாவை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். பழக்கமில்லாத வாய், தடுமாறியது.

"ஆண்டவரே, இன்னிக்கு இவளால முடியல. இவ விட்ட இடத்துலேருந்து நான் கேக்கறேன்."

ஆமென் சொன்னது அவள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

சோதனைக்கு முந்தின வாரம் மூன்றாவது வரியும் பிரிந்தது. ஸ்டியரிங் கிடைத்துவிட்டது. நான்காவதையும் பிரித்துவிடவா என்று கேட்டாள், இருக்கட்டும் என்றார். இப்போதும் சீட்டில் உட்காரும்போது இடுப்பில் லேசாக உறுத்தும். ஒரு ஆமென் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவார்.