வெண்டல் க்ரைடரின் மூன்று அங்குலம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆர்லீ நகர நீதிமன்றத்துப் பைபிளின் மேல் வலது கையை வைத்து, இடது கையை எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னால் நீட்டி, பொய் சொல்கிறவர்கள் ரகசியமாகச் செய்வதுபோல விரல் மேல் விரல் போட்டுக்கொள்ளாமல், சத்தியம் செய்து சொல்லப்படுவது இது. இதில் கூட்டிச் சொன்னது எதுவும் கிடையாது. கழித்தது உண்டு. அதைக் கழித்தவர் பெல்நாப் கல்லூரியின் கூடைப்பந்து கோச் ராய்ஸ் ஹம்மெல்.

பதினெட்டு வயதில் வெண்டல் க்ரைடர் ஆறடி ஒன்பது அங்குலம் இருந்தான். அவன் படுக்கிற அறை சின்னது. கால் இரண்டையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டித்தான் தூங்கவேண்டும். இந்தியானாவின் ஜனவரிப் பனியில் அம்மா நெல்டா அந்தக் கால்களுக்கு மட்டும் தனியாகக் கம்பளி போர்த்த வெளியே போய்விட்டு வருவாள். ஒரு வருஷம் வலது காலில் ஆந்தை ஒன்று குடியிருந்தது. குஞ்சு பறக்கிற வரைக்கும் வெண்டல் புரண்டு படுக்கவில்லை.

படுத்தபடியே பார்த்தால் சோயா வயலுக்கு அந்தப் பக்கம் பெல்நாப் அரங்கின் கூரை தெரியும். அந்த அரங்கில், மூன்றாம் வரிசையில் பதினாலாம் எண் இருக்கை அவன் அப்பா ஆசா க்ரைடருடையது. ஆசா தச்சர். மாவட்டத்துக் களஞ்சியங்களில் பாதி அவர் கட்டியது. முப்பத்தொரு வருஷமாகப் பெல்நாப் ஆடிய ஒரு ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. தன் கல்யாணத்தையே ஆட்டமில்லாத சனிக்கிழமை பார்த்து வைத்துக்கொண்டவர். பெல்நாப்பின் பச்சைச் சட்டையைத்தான் சர்ச்சுக்கும் போட்டுக்கொண்டு போவார். உயிலில் முதல் வரி வீட்டைப் பற்றியது இல்லை, அந்த இருக்கையைப் பற்றியது.

வெண்டலுக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்த அரங்கில் அவன் ஆடவேண்டும். அந்தப் பதினாலாம் இருக்கையிலிருந்து அப்பா அவனுக்காகக் கத்தவேண்டும்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தன்று விற்கிற அச்சுத்தாளில் ஒவ்வொரு பள்ளியும் தன் பையன்களின் உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிப் போடும். இது பொய்யில் சேராது, மரியாதையில் சேரும். ஆள் எடுக்க வருகிற கோச்சுகளும் இது தெரிந்து இரண்டைக் கழித்துக்கொள்வார்கள். ஹம்மெல் கெட்டிக்காரர். பாதுகாப்புக்கு இன்னும் ஒன்று சேர்த்து மூன்றாகக் கழிப்பார்.

வெண்டலின் பள்ளிக்கு அச்சுத்தாள் எழுதிக்கொடுத்தவர் கணக்கு வாத்தியார் எலியாஸ் பிக்கெட். அவர் குவேக்கர். எப்போதும் உண்மையே பேசுகிறவன் எதற்குச் சத்தியம் செய்யவேண்டும் என்று கேட்கிற சபை. அவர் அளந்து பார்த்தார், ஆறு ஒன்பது என்றிருந்தது, ஆறு ஒன்பது என்று எழுதினார். மாவட்ட வரலாற்றிலேயே உண்மையான உயரம் அச்சானது அந்த ஒரு தடவைதான்.

ஹம்மெல் ஒரு நாள் க்ரைடர் வீட்டுக்கு வந்தார். நெல்டா சுட்ட ஆப்பிள் பை என்கிற இனிப்பு அப்பத்தில் மூன்று துண்டு சாப்பிட்டார். எதிரே வெண்டல் தலையைக் கூரையில் முட்டிக்கொண்டு நின்றான்.

"பேப்பர்ல ஆறு ஒன்பதுன்னு போட்டிருக்கு. மூணு கழிச்சா ஆறு ஆறு. ஆறு ஏழுக்குக் கீழ நான் எடுக்கிறதில்லம்மா."

"கோச், கொஞ்சம் நிமிந்து பாருங்க. பையன் தலை கூரையில இடிக்குது," என்றாள் நெல்டா.

"உங்க கூரை தாழ்வு."

"என் வீட்டுக்காரர் அளந்து கட்டினது அது!"

"அளக்கிறவங்க எல்லாரும் கூட்டித்தான் சொல்லுவாங்க. எனக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். கண்ணு ஏமாத்தும்மா, கழித்தல் ஏமாத்தாது. இன்னொரு துண்டு இருக்கா?"

அவர் போனதைவிட வெண்டலுக்கு வலித்தது மறுநாள் நடந்ததுதான். சமையலறைக் கதவு நிலையில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். காலையில் எழுந்து வந்து பார்த்தால், மேல்கோடு ரப்பரால் அழிக்கப்பட்டு, மூன்று அங்குலம் கீழே புதுக்கோடு ஒன்று இருந்தது.

"அப்பா, நீங்கதானே அளந்தீங்க?"

"பென்சில் வழுக்கியிருக்கும்டா."

"மூணு அங்குலமா?"

ஆசா காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கோச்சுக்குத் தெரியாதது நமக்குத் தெரியப்போவுதா?"

முப்பத்தொரு வருஷம் தச்சு வேலை செய்து, நூல் பிசகாமல் மரம் அறுத்த மனிதர் சொன்னது இது. வெண்டல் அன்றைக்கே கிளம்பிவிட்டான். துணிமணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒஹாயோ ஆற்றைத் தாண்டிக் கென்டக்கிப் பக்கம் போனான். பாலத்துக்குக் காசில்லாமல் நடந்தே ஆற்றைக் கடந்தான் என்றும், தண்ணீர் இடுப்புக்கு மேல் வரவில்லை என்றும் சொல்வார்கள். அது பொய். மார்பு வரைக்கும் வந்தது.

ஸ்டோக்லி ஆசிரியர் கல்லூரியில் மொத்தமே நூற்றுநாற்பது பேர். அங்கே கோச் ஒரு பெரியவர், பெயர் பர்ல் டாட்ஸன். அவரே தோட்டக்காரரும்கூட.

"உன் உயரம் எவ்வளவுப்பா?"

"சிலர் ஆறு ஒன்பதுங்கிறாங்க சார். சிலர் ஆறு ஆறுங்கிறாங்க."

டாட்ஸன் ஒரு பல்பை அவன் கையில் கொடுத்தார். "அந்தா மேல இருக்கு பாரு, அது போயி நாலு வருஷம் ஆச்சு. ஏணி இல்ல. மாத்திட்டு வா." வெண்டல் நின்ற இடத்திலிருந்து ஒரு துள்ளுத் துள்ளி மாட்டிவிட்டு இறங்கினான். வெளிச்சம் வந்தது. டாட்ஸன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "அளவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீ இங்கயே இரு தம்பி."

மூன்று வருஷத்தில் ஸ்டோக்லி தோற்றது நாலே ஆட்டம். ஹம்மெலின் கழித்தலில் நழுவிப்போனது வெண்டல் மட்டும் இல்லை. ஒருவன் கான்சாஸ் பக்கம் போய்க் கோப்பை வாங்கினான். இன்னொருவன் ஐயோவாவில் தன் பெயரில் ஒரு தெருவே வாங்கிவிட்டான். யாராவது ஹம்மெலிடம் அதைச் சொன்னால், "அங்கெல்லாம் வளையத்தைத் தாழ்வா மாட்டுவாங்க" என்பார்.

1958 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை பிற்பகல். ஸ்டோக்லி அணி ஆற்றைத் தாண்டிப் பெல்நாப் அரங்குக்கு ஆட வந்தது. இரண்டாயிரத்து இருநூறு பேர், எல்லோரும் பச்சை. வெண்டல் உள்ளே நுழைந்ததும் முதலில் மூன்றாம் வரிசையைப் பார்த்தான். பதினாலாம் இருக்கையின் முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். பச்சைச் சட்டை. காதில் தச்சுப் பென்சில். பக்கத்தில் அம்மா எந்த அணியின் நிறமும் இல்லாமல் பழுப்பில் வந்திருந்தாள்.

பெல்நாப் அரங்குக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பெல்நாப் முதல் கூடை போடுகிற வரைக்கும் ஒருவரும் உட்காரக்கூடாது. எதிரணி செய்த தவறுக்கு ஈடாக நின்று எறிகிற ஃப்ரீ த்ரோ கணக்கில் வராது. ஓடுகிற ஆட்டத்தில் விழவேண்டும். வழக்கமாக அரை நிமிஷத்துக்கு மேல் ஆகாது. அதற்கு முன்னால் உட்கார்ந்தவன் ஊருக்குத் துரோகி. அப்படி ஒருவன் அதுவரைக்கும் பிறக்கவில்லை.

பந்து எழும்பியது. பெல்நாப் பையன் முதல் பந்தை எறிந்தான். வெண்டல் அதைத் தட்டிவிட்டான். கீழே இறங்குகிற பந்தைத் தொடக்கூடாது என்பது சட்டம். மேலே ஏறும்போது தொடலாம். வெண்டல் எல்லாவற்றையும் ஏறும்போதே பார்த்துக்கொண்டான். இரண்டாவதையும் தட்டினான். ஏழாவதையும் தட்டினான்.

"ஏய் விளக்குக் கம்பம்! மேல குளிருதாடா?" என்று யாரோ கத்தினார்கள்.

"உங்க கோச்சக் கேளுங்க, நான் குட்டைதான்!" என்று வெண்டல் திரும்பக் கத்தினான். அரங்கில் பாதி சிரித்துவிட்டது. ஹம்மெல் சிரிக்கவில்லை.

"அவன் ஆறு ஆறுதான்டா! மேல தூக்கி எறிங்கடா! மூணு கழிங்க, மூணு கழிங்க!" என்று தன் பையன்களைப் பார்த்து அலறினார். அவர்களும் கழித்துத்தான் எறிந்தார்கள். ஒவ்வொரு பந்தும் வெண்டலின் மணிக்கட்டுக்குச் சரியாக மூன்று அங்குலம் கீழே வந்தது.

பத்து நிமிஷம் ஆயிற்று. ஊர் நின்றது. பதினைந்து நிமிஷம். மேயர் தன் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினார். மெதடிஸ்ட் பாதிரியார் கண்ணை மூடி முணுமுணுத்தார், ஆனால் நின்றபடி. ஐந்தாம் வரிசையில் தாயின் இடுப்பிலிருந்து இறங்கிய ஒன்பது மாதக் குழந்தை எல்லோரையும் பார்த்துத் தானும் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டது. இடைவேளையில் உட்காரலாமா கூடாதா என்று வக்கீல்கள் இரண்டு பேர் வாதாடி, கூடாது என்று முடிவாயிற்று. பன்றிக்கறி சாண்ட்விச்சை எல்லோரும் நின்றுகொண்டே தின்றார்கள். செருப்புக் கடைக்காரர் மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

இரண்டாம் பாதி நடக்கும்போது பெல்நாப்புக்கு மொத்தம் பதினேழு புள்ளி சேர்ந்திருந்தது. அத்தனையும் ஃப்ரீ த்ரோ. ஸ்டோக்லிக்கு நாற்பத்தெட்டு. வெண்டல் தட்டிய பந்துகளை எண்ணுகிறவர் தாள் தீர்ந்து சட்டைக் கையில் எழுத ஆரம்பித்திருந்தார்.

ஆனாலும் ஒவ்வொரு தடவையும் தரையில் இறங்கியதும் வெண்டலின் கண் மூன்றாம் வரிசைக்குத்தான் போயிற்று. அப்பா நின்றுகொண்டுதான் இருந்தார். பெல்நாப்புக்காக, வாயைத் திறக்காமல், கம்பம் நட்டமாதிரி. அதைப் பார்த்துவிட்டு வெண்டல் அடுத்த பந்தை இன்னும் உயரத்தில் தட்டினான்.

நாலு நிமிஷம் மீதி இருந்தது. பெல்நாப்பின் நெட்டையன் ஒருவன் பாய்ந்து எறிந்தான். வெண்டல் எழும்பினான். வளையத்தின் விளிம்பு அவன் கண்ணுக்கு நேரே வந்துவிட்டு இறங்கியது. பந்து போய் மேளக்காரனின் மேளத்தில் விழுந்தது. அந்தச் சத்தம் அடங்கின இடைவெளியில் இன்னொரு சத்தம் கேட்டது. பலகை ஒன்று கிரீச்சிட்டது.

ஆசா க்ரைடர் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாயிரத்து இருநூறு தலை திரும்பியது.

"டேய் ஆசா! எந்திரிடா!" என்றார் பக்கத்து இருக்கை வர்ஜில் ஸ்டவுட். "என்னடா ஆச்சு, முட்டி போச்சா?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு."

"பின்ன மயக்கமா?"

"இல்ல."

"பின்ன எதுக்குடா உக்காந்த?"

ஆசா கைகளைக் கட்டிக்கொண்டார். "அவன் ஆறடி ஒன்பது," என்றார். வர்ஜிலுக்கு மட்டும் கேட்டால் போதாது என்று தோன்றியிருக்கவேண்டும். இன்னொரு தடவை, அரங்கின் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பும்படி கத்தினார்: "என் பையன் ஆறடி ஒன்பது! அளந்தவன் நான்!"

நெல்டாவும் உட்கார்ந்தாள். "ஆந்தையக்கூடச் சொல்லுங்க," என்றாள்.

வெண்டல் நடுக்களத்தில் அப்படியே நின்றுவிட்டான். உலகத்தில் பந்து என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. கண்ணை மறைத்ததைச் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு நேரம்தான் பெல்நாப்புக்குக் கிடைத்தது. பையன் ஒருவன் அவன் கைக்கு அடியில் புகுந்து ஓடி ஒரு கூடை போட்டுவிட்டான்.

இரண்டாயிரத்து இருநூறு பேரும் ஒரே நேரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அதில் நகரின் இரண்டு கடிகாரங்கள் நின்றுபோயின. வலிக்கிற முட்டிகளும் வலிக்காத முட்டிகளும் சேர்ந்து விட்ட பெருமூச்சில் வாசல் கதவு தானாகத் திறந்துகொண்டது. மேயர் அழுதார். ஹம்மெல்கூட உட்கார்ந்துவிட்டார்.

அப்போது ஆசா க்ரைடர் எழுந்து நின்றார்.

அந்த அரங்கு முழுக்க உட்கார்ந்திருக்க, மூன்றாம் வரிசையில் பச்சைச் சட்டையில் அவர் ஒருவர் மட்டும் நின்று, முப்பத்துநாலு வருஷத்துத் தொண்டையை மொத்தமாகத் திறந்து, "வெண்டல்! அடிடா! அடிடா வெண்டல்!" என்று கத்தினார். வெண்டல் அடித்தான். மீதி நாலு நிமிஷமும் அவன் தரையில் இருந்த நேரத்தைவிட மேலே இருந்த நேரம் அதிகம். ஸ்டோக்லி அறுபத்தொன்று, பெல்நாப் பத்தொன்பது. கடைசி மணி அடித்தபோது பெல்நாப்காரர்களே கை தட்டினார்கள். தங்கள் ஊர்ப் பையனுக்குத்தான் தட்டுகிறோம் என்று அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பிக்கெட் வாத்தியாரும் கூட்டத்தில் இருந்தார். ஆறு ஒன்பது என்று தான் எழுதின அந்தப் பழைய அச்சுத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஹம்மெல் வந்து கை நீட்டினார். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, முதல் தடவையாக வெண்டலை முழுசாகப் பார்த்தார்.

"தம்பி, நீ எப்பலேருந்து இப்பிடி இருக்க?"

"நீங்க எங்க வீட்ல மூணாவது துண்டு சாப்பிட்டப்பலேருந்தே கோச்."

ஆசா இறங்கி வந்தார். மகனின் முகத்தை நேராகப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. உயரமும் ஒரு காரணம். காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"அந்தத் தூணுல சாய்ஞ்சு நில்லு."

"இங்கயா? எல்லாரும் பாக்குறாங்கப்பா."

"பாக்கட்டும்டா. நிமிந்து நில்லு. குனியாத. இனிமே எங்கயும் குனியாத." ஒரு நாற்காலி மேல் ஏறி, உள்ளங்கையை மகனின் தலைமேல் தட்டையாக வைத்து, தூணில் அழுத்திக் கோடு போட்டார். தரையிலிருந்து அளந்தார். எழுதினார்: ஆறடி ஒன்பது. கீழே தன் பெயரையும், தச்சர் என்றும் எழுதினார். வெண்டல் நிமிர்ந்தபடியே நின்றிருந்தான். அப்பாவின் கை அவன் தலையிலிருந்து எடுபட நேரமாயிற்று.

பெல்நாப் அரங்கில் உட்காருவதற்குப் பலகை அடித்தது 1959 கோடையில். அதுவரைக்கும் அங்கே எல்லோரும் நின்றுகொண்டேதான் ஆட்டம் பார்த்தார்கள். பைபிளின் மேல் வைத்த கையை நான் இன்னும் எடுக்கவில்லை.