செத்த தலைவரின் நாற்காலி

எங்கள் கில்டெரின் ஊர்ச் சரித்திரக் கழகத்துக்குப் பதினோரு வருஷம் தலைவராக இருந்தவர், பதவிக்கு வருவதற்கு எழுபது வருஷம் முன்பே செத்துப்போனவர். அந்தக் காலத்தில் கழகம் நடந்த நேர்த்தியில் அயர்லாந்தில் வேறெந்தச் சபையும் நடந்ததில்லை. மனிதர் ஒரு கூட்டத்தில்கூட நீட்டிப் பேசியதில்லை.

நம்பமாட்டீர்கள். செயலாளர் கன்செப்டா குயில்டியும் நம்பமாட்டாள். அத்தனை கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தவள் அவள்.

எங்கள் சரித்திரத்துக்கு அரை நிமிஷம் போதும். ஒருமுறை ஆங்கிலேயப் படை வந்தது. எரிக்கிற அளவுக்கு இங்கே ஒன்றும் இல்லையென்று நிற்காமல் போய்விட்டது. அதற்கொரு கல்வெட்டு வைத்திருக்கிறோம். இந்த மகிமையைக் காக்க ஒரு கழகம். தாத்தா எங்கள் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருந்தால்தான் அதில் உறுப்பினராகலாம்.

மாலக்கி டூஹிக்கு அங்கேதான் இடித்தது. ஏழு மைல் தள்ளி க்ளூனாவிலிருந்து வந்து, ஐம்பது வருஷமாக எங்களுக்கு ஆணியும் பெயிண்டும் விற்கிறவன். இன்னும் வந்தேறிதான். செத்துப்போவதற்குள் கழகத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க்காரன் ஆகிவிடவேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. ஊர்த் தபால்காரன் நான். அவனுக்கு வந்த மறுப்புக் கடிதங்களைச் சுமந்தே என் முதுகு வளைந்தது.

கடைசியில் கவுன்சிலில் அனுமதி வாங்கி, பாதிரியாரை ஜெபம் சொல்லவைத்து, தாத்தா தாடியஸை க்ளூனாவில் தோண்டியெடுத்து எங்கள் தோட்டத்தில் புதைத்தான். சாவு என்றால் எங்கள் ஊர் மொத்தமும் போயாகவேண்டும். எழுபது வருஷப் பழைய சாவுக்குக் கொட்டும் மழையில் ஒன்பதாயிரம் பேர் வரிசையில் நின்று மாலக்கியின் கையைக் குலுக்கினோம். ஊர் ஜனத்தொகை தொள்ளாயிரம்.

கழகம் கூடியது. தலைவர் பதவிக்கு டெவனி வீடும் ஹன்ராட்டி வீடும் முட்டிக்கொண்டிருந்த நேரம். உள்நாட்டுச் சண்டையில் ஒருவரையொருவர் சுட்ட வீடுகள்; குறி தப்பியதைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை. தங்கள் ஆள்தான் ஜெயிப்பான் என்ற நினைப்பில், தலைவருக்குப் பிறகு நாற்காலி அவர் வாரிசுக்கே என்று இரண்டு வீடும் சேர்ந்து விதி வேறு எழுதிவைத்திருந்தன.

"மாலக்கி, உன் தாத்தா இப்ப நம்ம ஊர்க்காரர், மறுக்கல," என்றார் கிழட்டு டெவனி. "ஆனா புதைஞ்சவர்தான் ஊர்க்காரர். புதைச்சவன் இல்ல."

"அந்தாளோட யாருக்காவது பகை உண்டா?" என்றார் ஹன்ராட்டி.

யாருக்கும் இல்லை. தாடியஸ் ஏகமனதாகத் தலைவரானார்.

"கன்செப்டாவைச் செயலாளரா போட தலைவருக்கு ஆட்சேபம் உண்டா?" என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டார் டெவனி.

மௌனம். நிறைவேறியது. அதன்பின் எல்லாமே அப்படித்தான்.

இந்த வசந்தத்தோடு தாடியஸின் பதவிக்காலம் முடிந்தது. எழுபத்தொன்பது வயது மாலக்கி, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு போட்டுக்கொண்டு கழகத்துக்கு வந்தான்.

"என் தாத்தா நாற்காலி எனக்கு வரணும்மா."

விஷயம் வெளியே தெரிந்தால் பத்திரிகைக்காரர்கள் சிரிப்பார்களென்று கன்செப்டா கூட்டக் குறிப்பேட்டை அலமாரியில் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

"செத்தவர் தலைவரா? நடக்கவே இல்ல. இந்தத் தபால்காரர் அவிழ்த்துவிட்ட சரடு அது," என்றாள் என்னைக் காட்டி.

எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

மாலக்கி தொப்பியைக் கழற்றினான். "சரி. அவர் தலைவரே இல்லன்னா, உன்னைச் செயலாளரா போட்டது யாரு?"

கன்செப்டாவின் கை கழுத்துச் சாவிக்குப் போனது. அலமாரி திறந்தது. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் தன் நியமனத்தைப் படித்தாள்.

"உக்காருங்க மாலக்கி," என்றாள். "நடந்துச்சு."