நின்றபடியே ஊர் சுற்றிய கார்

மச்சான் மூக்கில் விரல் வைக்க வேண்டும் என்பதற்காகவே கணக்கர் கடனில் கார் வாங்கினார். தவணை கட்டியபின் பெட்ரோலுக்குக் காசு மிஞ்சவில்லை. கார் வாசலிலேயே நின்றது. மாலையானால் மனைவியும் மகள்களும் அதில் ஏறிக் கடலை கொறித்தபடி, கற்பனையிலேயே மலைக்கும் கடலுக்கும் போய்வருவார்கள்.

"நீங்களும் ஏறுங்களேன், டிக்கெட் கேக்க மாட்டோம்!" என்பாள் மனைவி.

"நாலு பேர் பார்த்தா சிரிப்பாங்கடி" என்று கணக்கர் கௌரவமாக உள்ளே போய்விடுவார்.

நேற்று காரை விற்றுக் கடனை அடைத்தார். "இனி யாருக்கும் சல்லிக்காசு பாக்கியில்ல!" என்று வீட்டில் முழங்கினார். யாரும் கைதட்டவில்லை.

"டிரைவர் சீட்டுல நாங்க உக்காந்ததே இல்லப்பா. உங்களுக்குன்னு வெச்சிருந்தோம்" என்றாள் சின்னவள்.

ஒரே ஒரு மாலை உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று, வாங்கியவரிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?