ஐம்பது நிமிட மாப்பிள்ளை

பெண் கேட்டுப் போன அன்று, ஏ.சி. கம்பெனி மேனேஜர் வருங்கால மாமியாரிடம் சொன்னார்: “ஐநூறு கிலோமீட்டர்னு பயப்படாதீங்க அத்தை. ஃப்ளைட்ல சீட் பெல்ட்டைப் போட்டதும் கழட்டச் சொல்லிடுவாங்க. ஐம்பதே நிமிஷம். உங்க பொண்ணு நினைச்சா வந்து நிக்கலாம்.”

அத்தை தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாள். ஒரே மகள். நம்பிக் கொடுத்தார்.

கல்யாணம் முடிந்ததும் அந்தத் தூரம் வளர ஆரம்பித்தது. மனைவி, “அம்மாவைப் பாத்துட்டு வரலாமா?” என்று வாயெடுத்தால் போதும், மேனேஜர் விரல் மடக்குவார். “ஏர்போர்ட்டுக்குப் போகவே அரை நாள். அங்க செருப்பைக் கூடக் கழட்டிப் பாப்பாங்க. இறங்கினா பெட்டிக்காகத் தவம் கிடக்கணும். வீடியோலதான் தினம் பாக்கிறியே!” ஆனால் அதே ஊருக்கு நண்பர்களோடு மேட்ச் பார்க்கக் காலையில் போய் இரவு திரும்பினார். மனைவி சாப்பாட்டைச் சூடு பண்ணாமல் வைத்தாள்.

மூன்றாம் வருடம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. மாமியார் ஊருக்கே மாற்றல். மனைவி, கண் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்றாள். முதலாளி தோளில் தட்டினார். “வாராவாரம் வந்துட்டுப் போங்க சார். ஐம்பது நிமிஷம்தானே!”

மேனேஜர் மாமியார் வீட்டின் பின்னறையில் குடியேறினார். அத்தை வீட்டை வார்டு போலவே நடத்தினார். விடிந்ததும் விளக்கு எரியும். டீயில் சர்க்கரை கிடையாது. நடக்கப் போகாத நாளில் சாப்பாடு பாதி. “தொப்பை யாருதுங்க மாப்பிள்ளை, கம்பெனியோடதா?”

வெள்ளிக்கிழமைகளில் மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பினார். விமானம் வந்தால் பைலட் வரவில்லை. பைலட் வந்தால் மழை வந்தது. சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்து, தூங்கி எழுந்தால் திரும்ப வேண்டிய நேரம். ஒரு திங்கட்கிழமை மாமியாரிடம் உடைந்து அழாத குறையாகப் புலம்பினார்: “மனுஷன் போற தூரமா அத்தை இது?”

“என் பொண்ணு ஏன் வரவே இல்லைன்னு இப்பதான் புரியுது,” என்றார் அத்தை. குரலில் கோபமே இல்லை. அதுதான் மேனேஜரைக் குத்தியது.

மறுநாள் அத்தை பெட்டி கட்டினார். “பொண்ணுகிட்ட நான் ரயில்ல போறேன். படுத்து எந்திரிச்சா ஊர் வந்துடும்.”

“எப்ப வருவீங்க?”

“அவ விடும்போது.”

அந்த வெள்ளிக்கிழமை விமானம் அதிசயமாகச் சரியான நேரத்துக்குப் போனது. மேனேஜர் சாவி போட்டுத் திறந்தார். வீட்டில் யாருமில்லை. போன் செய்தால் பின்னணியில் அத்தையின் சிரிப்பு.

“நாங்க கடற்கரைக்கு வந்துட்டோம்,” என்றாள் மனைவி. “ரெண்டு நாள் தங்குறோம். நீங்க எப்படியும் நாளைக்குத்தான் வந்து சேருவீங்கன்னு நினைச்சோம்.”

ஃப்ரிட்ஜில் முட்டை மட்டும் இருந்தது. “முட்டை எவ்வளவு நேரம் வேகணும்?” என்று கேட்டார்.

அதற்குள் அவள் போனை வைத்துவிட்டிருந்தாள்.