கிளிக்குக் கிடைத்த பக்கம்

நிகரகுவாவில், அதிலும் எங்கள் லியோன் நகரில், தடுக்கி விழுந்தால் ஒரு கவிஞர் மேல்தான் விழ வேண்டும். பேருந்து நடத்துநர்கூட "உள்ள தள்ளி நில்லுங்க, கவிஞரே" என்பார். அந்தப் பட்டத்தை வேண்டாமென்று சொன்னவர் இதுவரை இல்லை. ஆகவே, மறைந்த கவிஞர் எவெனோர் மயோர்காவின் வாழ்க்கையைக் குழந்தைகளுக்குப் படப்புத்தகமாகப் போடச் சேர்ந்த குழுவிலும் எல்லோரும் கவிஞர்கள். ஆளுக்கொரு முன்னுரை எழுதினார்கள், புகைப்படத்தோடு. மிச்சப் பக்கங்களில் எவெனோர் பிறந்து, வளர்ந்து, அவசர அவசரமாகச் செத்தார்.

படம் வரைய என்னை அழைத்திருந்தார்கள். எவெனோரோடு கடைசிவரை வாழ்ந்த ஹெர்மிதாவை ஒரு பக்கத்தில் வரைந்தேன். அவள் வாழையிலையில் சோள மாவை வைத்து மடிக்கிறாள்; அவர் பக்கத்தில் நின்று கவிதை படித்துக் காட்டுகிறார். அவர்களுடைய மகள் ஸொய்லா குழுவிடம் கேட்டதெல்லாம் அந்த ஒரு பக்கம்தான். அம்மாவின் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. கண்மூடுமுன் புத்தகத்தில் தன்னைப் பார்த்துவிட வேண்டுமென்று அவள் காத்திருந்தாள்.

குழுத் தலைவர் தோன் ஃபனோர் என் படத்தை ஓரமாகத் தள்ளினார்.

"மாதா கோயில்ல கைப்பிடிச்ச சம்சாரம் ஒருத்தங்க இருக்கையில இவங்கள எங்க வைக்கிறதும்மா? பச்சப்புள்ளைங்க யாருன்னு கேட்டா என்ன சொல்றது?"

"சோறாக்கிப் போட்டவங்கன்னு சொல்லுங்க," என்றாள் ஸொய்லா. "கடைசியா அவரு வாயில தண்ணி விட்டதும் எங்கம்மாதான்."

"அதெல்லாம் காவியத்துல வராதும்மா. புள்ளைங்களுக்குக் கிளின்னா உசிரு. ஒரு கிளியப் போட்டுடுங்க, கவிஞரே," என்று என் பக்கம் திரும்பினார்.

முடியாதென்றேன். அவர் மருமகன் கிளி வரைந்தான். அவனும் கவிஞன்தான்.

வெளியீட்டு விழாவில் முன்னுரைக்காரர்கள் எல்லோரும் பேசினார்கள். குழந்தைகள் எல்லோரும் தூங்கினார்கள். ஸொய்லா ஒரு பிரதியை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில், "பக்கம் இல்லன்னு அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடலாமே," என்றேன்.

"நீங்க சும்மா வாங்க."

ஹெர்மிதா தலைவாரி, தோடு போட்டு, வீட்டு வாசல் நடைபாதையில், ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தை மடியில் வாங்கிக்கொண்டாள்.

"இவனுக யாருடி, இத்தனை மூஞ்சி?"

முன்னுரைகளைத் தள்ளினாள். தொட்டில், பள்ளிக்கூடம், குதிரை, கிளி.

"கிளியா! கோழி கூவினாலே கல்லெடுக்குற மனுசனாச்சே!" சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அடுத்த பக்கம் கல்லறை. அதோடு புத்தகம் தீர்ந்தது. அவள் மறுபடியும் தொட்டிலுக்குப் போனாள். இம்முறை ஒவ்வொரு தாளையும் விரலால் தடவித் தடவிப் புரட்டினாள்.

"புதுப் புத்தகம் பாரு, ரெண்டு தாளு ஒட்டிக்கிட்டிருக்குடி. நான் அதுக்குள்ளதான் இருக்கணும். பாத்துப் பிரி, மூஞ்சி கிழிஞ்சிடப் போவுது."

எந்தத் தாளும் ஒட்டியிருக்கவில்லை. ஸொய்லா உள்ளே போய்ச் சமையல் கத்தியை எடுத்துவந்தாள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, ஒற்றைத் தாளின் ஓரத்தில் கத்தி முனையை வைத்து, மெல்லப் பிரிக்கத் தொடங்கினாள்.